ஆணி அடிக்கக் கூடாது! – ஒரு வாடகைச் சுவரின் வரலாறு

"செவுத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாது தம்பி. மத்தபடி எப்டி வேணா இருந்துக்கோங்க."

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் எந்தத் தெருவில் "டு லெட்" அட்டையைப் பார்த்து உள்ளே போனாலும், சாவி கைக்கு வருவதற்கு முன்பே இந்த வாக்கியம் காதுக்கு வந்துவிடும். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டு அலங்காரம் பற்றி எழுதுகிற பத்திரிகைகள் "உங்கள் வீட்டை உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்" என்று எழுதும். வாடகைக்கு இருப்பவனுக்கு அந்த வாக்கியத்தில் வரும் இரண்டு "உங்கள்"களுமே தகராறுதான்!

ஆனாலும் வாடகை அறைகள் வெறுமனே இருந்ததில்லை. கையில் காசில்லாதவர்கள், அடுத்த வருடம் எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள், இன்னொருவருடைய சுவரை எப்படித் தன் சுவராக்கிக் கொண்டார்கள் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ராஜாக்களின் வரலாற்றில் அது வராது. கொஞ்சம் சட்டப் புத்தகத்திலும், கொஞ்சம் சிவகாசியிலும், மிச்சம் மளிகைக் கடை காலண்டரிலும் சிதறிக் கிடக்கிறது.

முதலில் சட்டம். வீட்டுக்காரரின் "ஆணி அடிக்காதே" வெறும் கஞ்சத்தனம் என்று நினைத்தால் தப்பு. அதன் பின்னால் 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. வணிகவியல் மாணவர்கள் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி புரட்டுகிற அதே சட்டம்தான். அதன் 108வது பிரிவு, குத்தகைக்கு விடுபவர், எடுப்பவர் இருவருடைய உரிமைகளையும் கடமைகளையும் வரிசையாகச் சொல்கிறது. குடியிருப்பவர் தான் பொருத்திய பொருட்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் இடத்தை எந்த நிலையில் வாங்கினாரோ அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும். சாதாரணமாகப் புழங்குவதால் வரும் தேய்மானத்துக்கு மட்டும் அவர் பொறுப்பில்லை. ஓர் ஆணி ஓட்டை தேய்மானமா, சேதமா? இந்த ஒரு கேள்விக்காக இந்த நாட்டில் எத்தனை அட்வான்ஸ் தொகைகள் குறைந்து திரும்பியிருக்கின்றன என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இதை கணக்கியல் மொழியிலும் சொல்லலாம். ஒரு கம்பெனி வாடகைக் கட்டடத்துக்குள் தடுப்பு, அலமாரி, விளக்கு என்று செலவு செய்தால் அந்தச் செலவைக் குத்தகைக் காலம் அல்லது அந்தப் பொருளின் ஆயுள், இதில் எது குறைவோ அதற்குள் எழுதித் தள்ளிவிட வேண்டும். காலம் முடிந்தால் சுவரோடு ஒட்டியதெல்லாம் பெரும்பாலும் சுவர்க்காரருக்குத்தான். ஊர் வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தத்தில், 1,100 ரூபாய்க்கு சுவரில் பெயிண்ட் அடித்தால் மாதம் 100 ரூபாய் வாடகையைத் தானே ஏற்றிக்கொண்ட மாதிரி. (ஏன் பதினோரு மாதம்? 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான்.) ஆகவே வாடகைக்காரருக்குப் புத்திசாலித்தனமான அலங்காரம் என்பது, கழற்றினால் தடம் தெரியாததும், பெட்டியில் வைத்தால் கூடவே வருவதும்தான். எந்த எம்.பி.ஏ.வும் சொல்லித் தராமலே மக்கள் இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெயர் காலண்டர்.

சுவரில் படம் மாட்டுவதே ஒரு காலத்தில் பணக்காரர்களின் சமாச்சாரம். ஓவியம் வேண்டுமென்றால் ஓவியருக்குப் பணம் தர வேண்டும். 1894இல் ராஜா ரவி வர்மா பம்பாயில் அச்சகம் ஆரம்பித்ததும் இது மாறியது. ஜெர்மன் இயந்திரங்கள், ஜெர்மன் தொழில்நுட்ப வல்லுநர்கள், கல்லச்சு. லட்சுமியும் சரஸ்வதியும் எண்ணெய் ஓவியம் மாதிரியே பளபளக்கும் காகிதத்தில் வந்து இறங்கினார்கள். அச்சகம் பிற்பாடு லோனாவாலா பக்கத்து மளவலிக்கு மாறியது, நஷ்டத்தில் ஓடியது, கடைசியில் அங்கே வேலை பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கே போனது. வியாபாரமாகத் தோல்வி! ஆனால் கோயிலுக்குள் போக அனுமதி இல்லாதவர்களின் குடிசைச் சுவருக்கும் சாமி வந்துவிட்டது.

அடுத்த கட்டம் தமிழ்நாட்டில். 1922இல் சிவகாசியிலிருந்து சண்முக நாடார், அய்ய நாடார் என்று இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அடிக்கிற ஊர் காலண்டர் அடிக்கிற ஊராக வளர்ந்தது. பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) இருந்தார். சென்னை கலைப்பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும்தான் இன்றைக்கும் "சாமி எப்படி இருப்பார்?" என்று கேட்டால் பலருக்கு மனசுக்குள் வரும் முகம்.

காலண்டரின் உண்மையான மேதைமை அதன் விலையில் இருக்கிறது. வாங்குபவருக்கு அது இலவசம். நகைக் கடையோ மளிகைக் கடையோ பாத்திரக் கடையோ விளம்பரச் செலவாக எழுதிக்கொள்ளும். அதாவது ஒரு வாடகை அறையின் ஒரே அலங்காரம், வேறு யாரோ ஒருவருடைய லாப நட்டக் கணக்கில் பற்று! கடைக்காரருக்கு வருடம் முழுக்கச் சுவரில் பெயர். குடியிருப்பவருக்கு ராகு காலம், அமாவாசை, பால் கணக்கு எழுத இடம், மேலே ஒரு சாமி. முன்னால் இருந்தவர் அடித்துவிட்டுப் போன ஒரே ஓர் ஆணி போதும். வருடம் முடிந்தால் தேதித் தாளெல்லாம் போய்விடும், படத்தை மட்டும் வெட்டிப் பூஜை அலமாரியில் ஒட்டிக்கொள்ளலாம். ஆடி 18 அன்று சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும் வழக்கம் உண்டு. கோடிக்கணக்கான வாடகைச் சுவர்களின் அடுத்த வருடத்து அலங்காரம் அங்கே முடிவாகிவிடுகிறது என்று சொன்னால் மிகை இல்லை.

இது தமிழர்களுக்கு மட்டுமே தோன்றிய யோசனையும் இல்லை. 1936 கோடையில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக்காரரும் ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரும் பருத்திக் குத்தகை விவசாயிகளின் வீடுகளுக்குப் போனார்கள். நிலமும் வீடும் நிலக்காரருக்குச் சொந்தம். 1941இல் புத்தகமாக வந்த அந்தப் படங்களில் பெயிண்ட் காணாத பலகைச் சுவர் இருக்கிறது. அதில் கடைகள் கொடுத்த காலண்டரும், பத்திரிகையிலிருந்து வெட்டிய விளம்பரப் படங்களும் கவனமாக இடம் பார்த்து ஒட்டப்பட்டிருக்கின்றன. கடல் தாண்டி, மொழி தாண்டி, அதே காலண்டர்!

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த "லயம்" இன்னும் கடுமையானது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் வரிசையாக. அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அறையும் போகும். தாத்தா பிறந்த அறையிலேயே பேரன் பிறந்தாலும் சுவர் அவனுடையதாகாது. "லைன்" என்ற ஆங்கிலச் சொல்தான் அங்கே "லயம்" ஆனது. இங்கே, நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், அதே சொல் "லைன் வீடு" என்று வந்து நிற்கிறது.

இப்போது ஊருக்கு வருவோம்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர் என்று ஒரு காலம். 1991க்குப் பிறகு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று ஒரு காலம். ஏரியும் நெல்லும் சார்ந்த இந்தப் பகுதியில் 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998 செப்டம்பரில் முதல் சான்ட்ரோ. 2006 ஜனவரியில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012இல் டைம்லர். பட்டியலை இதோடு நிறுத்திக்கொள்ளலாம், சிப்காட் பலகையைப் பார்த்தாலே மிச்சம் தெரியும்.

ஆலைக்குத் திட்டம் இருந்தது, அரசாணை இருந்தது, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஒப்பந்தம் இருந்தது. அதில் வேலை செய்யப் போகிறவர் ராத்திரி எங்கே தூங்குவார் என்பதற்கு நீண்ட காலம் யாரிடமும் திட்டம் இல்லை. அந்த வேலையை ஊர்க்காரர்கள் செய்தார்கள். நிலம் விற்ற காசில், அல்லது நிலம் போய் மிஞ்சிய மனையில், ஹாலோ பிளாக் கல் வைத்து வரிசையாக அறைகள் எழும்பின. சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம், வல்லம், ஒரகடம், படப்பை என்று எங்கும் ஒரே அச்சு. ஓர் அறை, ஒரு சமையல் மேடை, பொதுக் குழாய், மாடிக்கு வெளிப்படி. (ஹாலோ பிளாக் சுவரில் தவறான இடத்தில் ஆணி அடித்தால் உள்ளே போய்த் தொங்கும், பூச்சு தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வரும். வீட்டுக்காரர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது.)

இந்த அறைகளில் நடந்த அலங்காரத்தைப் பார்த்தால் 1882 சட்டத்தை மனப்பாடம் செய்தவர்கள் செய்த மாதிரியே இருக்கும். அலமாரித் தட்டில் செய்தித்தாள் விரித்து, முன்பக்கம் தொங்கும் விளிம்பைக் கத்தரியால் முக்கோண முக்கோணமாக வெட்டிவிடுவது. அம்மாவின் பழைய சேலை ஜன்னல் திரையாவது. சமையல் மேடையை மறைக்க அதே சேலையின் மிச்சம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளாண்ட், அதுவும் பக்கத்து வீட்டிலிருந்து கிள்ளி வந்த கொடி. திருடி வைத்தால்தான் நன்றாக வளரும் என்று ஒரு நம்பிக்கை வேறு, பட்ஜெட்டுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை கிடைக்காது! வாசலில் இடம் இருந்தால் மாவுக் கோலம், மாடிப்படி வராந்தாவாக இருந்தால் ஸ்டிக்கர் கோலம். கூரையில் இருட்டில் மின்னும் ரேடியம் நட்சத்திரங்கள். தீபாவளிக்கு வாங்கிய சீரியல் செட், தீபாவளி முடிந்தும் ஜன்னல் கம்பியிலேயே.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு பொருள் உண்டு. ஆலைகளுக்கு இயந்திரங்களும் உதிரி பாகங்களும் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிகளும் பேலட் பலகைகளும். பிரித்த பிறகு அவை பழைய மரக் கடைகளுக்குப் போகும். அங்கிருந்து வந்து கட்டிலாகும், டிவி ஸ்டாண்டாகும், செருப்பு வைக்கும் தட்டாகும். வெளிநாட்டில் பேலட் மரச்சாமான் ஒரு ஃபேஷனாகி, அதற்கென்று தனிப் புத்தகங்களே வந்தன. படப்பை பக்கத்தில் அதற்குப் பெயர் பழைய பலகை.

சாமான்களின் விதி 2014இல் தெரிந்தது. அந்த வருடம் நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. வேலை போனவர்களில் பலர் இருபதுகளில் இருந்த பெண்கள். பேலட் கட்டிலை யாரும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. சேலைத் திரையை ஏற்றலாம். சுருட்டிய காலண்டர் படத்தை ஏற்றலாம். அறைகள் காலியாகி, சில காலம் கழித்து மறுபடியும் நிரம்பின. இந்த முறை வந்தவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் அதிகம். அதே ஆணியில் முருகன் இறங்கிப் பூரி ஜகந்நாதர் ஏறினார்.

சரி, காலி செய்யும்போது சுவருக்கு யார் பணம் கொடுப்பது? பல இடங்களில் நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். "பெயிண்டிங்குக்கு ஒரு மாசம்" என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள், சுவரில் கீறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் ஒரு புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளும் பொறுப்புகளும் பற்றியது. அதன் அட்டவணையில் பராமரிப்பு வேலைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் மாதிரியான சில்லறை வேலைகள் குடியிருப்பவருக்கு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளருக்கு! வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யவும் சொல்கிறது. வாய் வார்த்தையில் ஓடும் லைன் வீட்டில் "அட்டவணையைப் பாருங்க அண்ணே" என்று சொல்லிப் பார்க்கலாம். அடுத்த வாரம் வேறு வீடு தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கதையில் கடைசித் திருப்பம் விடுதிகள். பெண்களை அதிக எண்ணிக்கையில் வேலைக்கு எடுத்த மின்னணு ஆலைகள் அவர்களை விடுதிகளில் தங்க வைத்தன. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பத்திரிகைகளில் சாப்பாட்டோடு அறைகளும் செய்தியாயின. கட்டில் இல்லாமல் தரையில் வரிசையாகப் படுத்துத் தூங்கிய அறைகள். சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திறந்தது.

இதற்குப் பிறகு வந்தது வல்லம் வடகால். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கே சிப்காட் கட்டிய தொழிலாளர் குடியிருப்பைத் திறந்து வைத்தார். 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 13 கட்டடங்கள், 18,720 பேர். கட்டடத்துக்கு 240 அறை, அறைக்கு ஆறு பேர் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். தரையில் படுத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆலை வந்து இருபத்தெட்டு வருடம் கழித்தாவது தூங்குகிற இடத்துக்கும் ஒரு திட்டம் வந்தது.

ஆனால் சுவரின் கதையாகப் பார்த்தால் கணக்கு வேறு. ஓர் அறைக்கு நான்கு சுவர். ஒன்றில் கதவு, ஒன்றில் ஜன்னல், அலமாரிக்கு இடம் போக மிச்சம் ஆறு பேருக்கு. லைன் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறையில் யார் படம் எங்கே என்று சண்டை போடவாவது ஒரு சுவர் இருந்தது. ஷிப்ட் மாறும் விடுதியில் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் கிளம்புகிறார், சீரியல் செட் போட முடியாது. மிஞ்சுவது கட்டில் ஓரம், தலையணை உறை, பெட்டியின் உள்மூடி.

சட்டத்திலும் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. லைன் வீட்டில் இருப்பவர் குத்தகைதாரர். கம்பெனி விடுதியில் படுக்கை மட்டும் ஒதுக்கப்பட்டவரை அப்படிச் சொல்வது கடினம். ஓர் இடம் முழுக்க ஒருவருடைய தனி அனுபவத்தில் இருக்கிறதா என்பது குத்தகையையும் வெறும் அனுமதியையும் பிரிக்கிற முக்கியமான அளவுகோல். 1959இல் உச்ச நீதிமன்றம் டெல்லி இம்பீரியல் ஹோட்டலுக்குள் முடிதிருத்தகம் நடத்திய ஒருவரின் வழக்கில் இதை விரிவாகப் பேசியது. ஒப்பந்தத்தில் "அனுமதி" என்று எழுதியிருந்தாலும் அவர் உண்மையில் குத்தகைதாரர்தான் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஆறு பேர் அறையில் ஒரு கட்டிலுக்கு அந்த வாதம் எடுபடாது. அது அனுமதி மட்டுமே. அனுமதிக்கு வேறு சட்டம், இந்திய வசதியுரிமைச் சட்டம். அதுவும் 1882ஆம் வருடத்தியது!

அதன் 63வது பிரிவு, அனுமதி ரத்தானால் என்ன ஆகும் என்று சொல்கிறது. தங்கியிருந்தவருக்கு வெளியேறுவதற்கும், அங்கே வைக்க அவருக்கு அனுமதி தரப்பட்ட பொருட்களை எடுத்துக்கொண்டு போவதற்கும் நியாயமான அளவு நேரம் தர வேண்டும். எடுத்துப் போகத்தான் நேரம். என்னென்ன வைக்கலாம் என்பதை விடுதியின் நோட்டீஸ் பலகைதான் சொல்லும்.